எண்ணூர் முதல் பால்டிமோர் வரை: துறைமுகப் பாதுகாப்பு எங்கே அறுபடுகிறது?

2017 ஜனவரி 28 அன்று விடிவதற்கு முன், எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த 'பிடபிள்யூ மேப்பிள்'. மற்றொன்று, பெட்ரோலியப் பொருள்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்'. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுக நிர்வாகம் முதலில் அறிவித்தது. அந்த அறிவிப்பின் மை காய்வதற்குள் எர்ணாவூர், பாரதியார் நகர் கரைகளில் எண்ணெய் கறுப்புக் கூழாக ஒதுங்கத் தொடங்கியது. அதைத் தன்னார்வலர்களும் தொழிலாளர்களும் வாளியில் அள்ளிய காட்சி நாடு முழுவதும் ஒளிபரப்பானது.

அப்போது எழுந்த இரண்டு கேள்விகள், ஒவ்வொரு துறைமுக விபத்தின்போதும் மீண்டும் எழுகின்றன. ரேடார், வானொலி, கட்டுப்பாட்டு நிலையம் எல்லாம் இருந்தும் பரந்த கடலில் இரண்டு கப்பல்கள் எப்படி மோதுகின்றன? விபத்து நடந்துவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை காண, ஒரு வணிகத் துறைமுகத்தில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கருவிகளின் பழுதைவிட, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பொறுப்பு கைமாறும் இடங்களே துறைமுக விபத்துகளை அதிகம் விளக்குகின்றன என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

துறைமுகம் எங்கே தொடங்குகிறது?

கரையில் நிற்பவருக்கு அலைத்தடுப்புச் சுவர்தான் துறைமுகத்தின் வாசலாகத் தெரியும். ஆனால் அரசு அறிவிக்கை வரையறுக்கும் துறைமுக எல்லை, பெரும்பாலும் அந்தச் சுவரைத் தாண்டிக் கடலுக்குள் நெடுந்தூரம் நீள்கிறது. உள்ளே வரும் ஒரு சரக்குக் கப்பல் பின்வரும் கட்டங்களைக் கடக்கிறது.

1. முன்னறிவிப்பு. கப்பலின் நீளம், ஏற்றியுள்ள சரக்கு, ஆபத்தான பொருள்களின் பட்டியல், நீர்மட்டத்துக்குக் கீழே அது அமிழ்ந்திருக்கும் ஆழம் ஆகிய விவரங்களை உள்ளூர் முகவர் துறைமுகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார். அமிழ்ந்திருக்கும் இந்த ஆழத்தைத்தான் மாலுமிகள் டிராஃப்ட் என்கிறார்கள். எந்தத் தளத்தில், எந்த நேரத்தில், எத்தனை இழுவைப் படகுகளோடு கப்பலைக் கயிறு கட்டி நிறுத்துவது என்பது இந்த விவரங்களை வைத்தே முடிவாகிறது.

2. நங்கூரப் பகுதி. தளம் காலியாக இல்லாவிட்டால் கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். இரவில் சென்னைக் கடற்கரையிலிருந்து வரிசையாகத் தெரியும் விளக்குகள் இப்படிக் காத்திருக்கும் கப்பல்களுடையவையே.

3. பைலட் ஏறும் இடம். உள்ளூர்க் கடலின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் அறிந்த பைலட், துறைமுகத்துக்கு வெளியே குறித்த ஓரிடத்தில் கப்பலில் ஏறுகிறார்.

4. நுழைவாய்க்கால். தூர்வாரி ஆழப்படுத்திய குறுகிய பாதை இது. இதன் இரு ஓரங்களையும் மிதவைகள் காட்டும்.

5. திருப்பு வட்டமும் தளமும். இழுவைப் படகுகள் கப்பலைத் திருப்பித் தளத்தோடு அணைக்கின்றன. அதன் பிறகு கயிறு கட்டுவோர், பளுதூக்கி இயக்குவோர், சுங்கத் துறை, முனையத்தை நடத்தும் தனியார் நிறுவனம் என்று கரையின் ஆட்சி தொடங்குகிறது.

ஐந்து கட்டங்களிலும் கப்பல் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு வழி சொல்பவர் மாறுகிறார், அவர் பயன்படுத்தும் வானொலி அலைவரிசையும் பல நேரங்களில் மாறுகிறது.

கப்பலை ஓட்டுவது யார்?

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. கப்பல் போக்குவரத்துச் சேவை, சுருக்கமாக விடிஎஸ், கரையில் இருந்தபடி ரேடாரிலும் தானியங்கி அடையாளக் கருவியிலும் எல்லாக் கப்பல்களையும் கவனிக்கிறது. நெடுங்காலமாக நிலவும் சர்வதேச நெறிப்படி, விடிஎஸ் உத்தரவிட அதிகாரம் பெற்றிருந்தாலும் அந்த உத்தரவு விளைவை மட்டுமே குறிக்க வேண்டும். 'வாய்க்காலுக்குள் நுழைய வேண்டாம்' என்று அது சொல்லலாம். 'சுக்கானை இத்தனை பாகை திருப்பு' என்று சொல்வது அதன் வேலையில் சேராது. அதைக் கப்பலின் மேல்தளத்தில், அதாவது அதை நடத்தும் கட்டுப்பாட்டு அறையில், நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேல்தளத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால், அங்கும் இருவர். பைலட் ஏறிய பின் கப்பலின் திசையையும் வேகத்தையும் அவர் சொல்கிறார். சுக்கான் பிடிப்பவர் அவர் சொல்லுக்கே இயங்குகிறார். ஆனாலும் கப்பலின் பாதுகாப்புக்கான பொறுப்பு கேப்டனை விட்டு நீங்குவதில்லை. பைலட் தவறான திசையில் செலுத்துகிறார் என்று தோன்றினால் குறுக்கிடுவது கேப்டனின் கடமை. பனாமா கால்வாய் இதற்கு நன்கு அறியப்பட்ட விதிவிலக்கு; அங்கே கப்பலை நடத்தும் கட்டுப்பாடு கால்வாய் நிர்வாகத்தின் பைலட்டிடமே போய்விடுகிறது.

பைலட் ஏறும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கப்பல் நிற்பதில்லை, மெதுவாக ஓடிக்கொண்டே தன் உடலால் காற்றையும் அலையையும் ஒரு பக்கம் மறைத்துக் கொடுக்கும். அந்த மறைவில் பைலட் படகு வந்து உரசும். மேலிருந்து தொங்கும் மரப்படிக் கயிற்று ஏணியை, அலை படகைத் தூக்கும் உச்சத்தில் அவர் பிடிக்க வேண்டும். படகு கீழே இறங்கும் நேரத்தில் பிடித்தால் அடுத்த அலை அதே படகைத் தூக்கி அவர் காலில் மோதும். நீர்மட்டத்திலிருந்து 9 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் வெறும் கயிற்று ஏணி போதாது, கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து அமைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்து வங்கக் கடலில் இந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு கடினமானவை என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கடல் கொந்தளிக்கும்போது பைலட்டை வழக்கத்தைவிட உள்ளே தள்ளி ஏற்றவும், முன்னதாகவே இறக்கவும் எல்லாத் துறைமுகங்களிலும் ஒரு நெருக்கடி உருவாகிறது. அவருடைய உயிரைக் காக்க எடுக்கும் முடிவு, பைலட் இல்லாமல் கப்பல் ஓடும் தூரத்தை நீட்டிவிடுகிறது.

நிறுத்த முடியாத எடை

சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் அதன் மீது நீர் பாய வேண்டும். நீர் பாய வேண்டுமானால் கப்பல் ஓட வேண்டும், உந்துவிசிறி சுழல வேண்டும். ஆகவே ஆபத்தைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தும் கேப்டன், தன் கட்டுப்பாட்டையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார். ஆழம் குறைந்த வாய்க்காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடும் கப்பல் தன்னைச் சுற்றியுள்ள நீர்மட்டத்தைத் தாழ்த்தித் தானும் கூடுதலாக அமிழ்கிறது. வேகம் இரு மடங்கானால் இந்த அமிழ்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேகமாகப் போனால் தரை தட்டும், மெதுவாகப் போனால் சுக்கான் கேட்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பைலட்டின் தொழில்.

எதிரெதிரே வரும் கப்பல்களின் நிலையை ஒரு கணக்கால் காட்டலாம். இரண்டும் தலா 8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர், வேகத்தில் ஓடினால், அவற்றுக்கு இடையிலான தூரம் நிமிடத்துக்குச் சுமார் 500 மீட்டர் வீதம் குறைகிறது. இரண்டு கடல் மைல் (சுமார் 3.7 கிலோமீட்டர்) தொலைவு ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒருவர் மற்றவரை வானொலியில் அழைத்து, பெயரைத் திருத்தி, 'எந்தப் பக்கம் கடப்பீர்கள்' என்று கேட்டு விடை பெறுவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடக்கூடும்.

பால்டிமோரில் கழிந்த நான்கு நிமிடங்கள்

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'டாலி' என்ற சரக்குப் பெட்டகக் கப்பல், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதிப் பாலத்தை வீழ்த்தியது. கப்பலின் நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். 21 ஊழியர்களில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். தளத்திலிருந்து கப்பலை விலக்கிய இழுவைப் படகுகள் வழக்கப்படி அதற்குள் விடைபெற்றிருந்தன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட நேரவரிசை, ஒருங்கிணைப்பு என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல பாடம்.

1. அதிகாலை 1:25 மணியளவில் கப்பலில் மின்சாரம் போய், மேல்தளத்தில் எச்சரிக்கை ஒலிகள் எழுந்தன.

2. 1:26:39க்கு, அருகிலுள்ள இழுவைப் படகுகள் உதவிக்கு வருமாறு பைலட் வானொலியில் அழைத்தார். ஏறத்தாழ அதே நேரத்தில் பைலட் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து, பாலத்தை நிர்வகிக்கும் போக்குவரத்து ஆணையத்துக்குத் தொலைபேசி போனது.

3. 1:27:04க்கு நங்கூரத்தை வீழ்த்த உத்தரவானது. அதன் பிறகு, கப்பல் மின்சாரத்தை முழுதும் இழந்து பாலத்தை நோக்கி வருகிறது என்று வானொலியில் அறிவிக்கப்பட்டது.

4. பாலத்தின் இரு முனைகளிலும் ஏற்கெனவே நின்றிருந்த காவலர்கள் வாகனங்களைத் தடுத்தனர். 1:29 மணியளவில் கப்பல் தூணில் மோதியது.

அந்த ஒரு தொலைபேசி அழைப்பும் சாலை மறிப்பும் பல உயிர்களைக் காத்தன. ஆனால் பாலத்தின் மீது சாலைக் குழிகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குச் செய்தி போகவில்லை. ஆறு பேர் இறந்தனர். காவலர்களுக்குச் சொன்ன அதே நேரத்தில் தொழிலாளர்களுக்கும் சொல்லியிருந்தால், இடியாத பகுதிக்கு வண்டியை ஓட்டிச் செல்ல அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கலாம் என்று வாரியம் 2025 நவம்பரில் வெளியிட்ட முடிவுகளில் கூறியது. மின்தடைக்குக் காரணம் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்த ஒரு கம்பி இணைப்பு. செய்திகளில் கம்பிதான் பெரிதாகப் பேசப்பட்டது. துறைமுக நிர்வாகிகள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது, கப்பலிலிருந்து பைலட் சங்கத்துக்கும், அங்கிருந்து பால நிர்வாகத்துக்கும், அங்கிருந்து காவலருக்கும் ஓடிய செய்தி, நான்காவது கையை எட்டாமல் நின்றுபோனதைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு பொறுப்புகளுக்கு இடையே உள்ள கடல்

இனி எண்ணூருக்குத் திரும்பலாம். 2001இல் இயங்கத் தொடங்கிய காமராஜர் துறைமுகம் முதலில் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே அமைந்தது. பின்னர் எரிவாயு, எண்ணெய், கார் ஏற்றுமதி என்று விரிந்தது. அருகிலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம் உண்டு, தெற்கே சிறிது தொலைவில் சென்னைத் துறைமுகம். ஆக, ஒரே கடற்பரப்பில் மூன்று துறைமுகங்களின் கப்பல்கள் காத்திருக்கின்றன, கடக்கின்றன, திரும்புகின்றன.

இத்தகைய இடத்தில் மிகவும் நுட்பமான பகுதி, வெளியேறும் கப்பலிலிருந்து பைலட் இறங்கிவிட்ட, உள்ளே வரும் கப்பலில் இன்னும் ஏறியிராத நீர்ப்பரப்பு. வெளியேறும் கேப்டன் வேகத்தைக் கூட்டித் தன் பயணத் திசையை நோக்கித் திரும்ப முனைவார். உள்ளே வருபவர் வேகத்தைக் குறைத்துப் பைலட் படகைத் தேடுவார். கப்பலின் ஒரு பக்கம் அலைமறைவு உண்டாக்கத் திசையையும் மாற்றுவார். இருவருக்கும் அந்தக் கடல் பழக்கமானதாக இல்லாமல் இருக்கலாம். 1972இல் வகுத்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள், நேருக்கு நேர் வரும் இரு இயந்திரக் கப்பல்களும் வலப்புறம் திரும்பிக் கடக்க வேண்டும் என்கின்றன. குறுக்கே வந்தால், மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் கப்பல் விலக வேண்டும். நிலைமை நேருக்கு நேரா குறுக்கா என்பதில் இரு கேப்டன்களும் வேறு வேறாக நினைத்துவிட்டால், ஒருவர் திரும்புவது மற்றவருக்குத் தவறான திருப்பமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய அவரும் திரும்புவார்.

வானொலி இங்கே உதவும், சில நேரங்களில் கெடுக்கவும் செய்யும். விதிக்கு மாறாக 'இடப்புறம் திரும்பிக் கடந்துகொள்வோம்' என்று வாய்மொழியாகப் பேசி முடித்து, பேசியது வேறொரு கப்பலோடு என்பது பிறகு தெரிந்து நடந்த மோதல்கள் கடல்துறையில் ஒரு தனி வகையாகவே பேசப்படுகின்றன. அதனால்தான் விடிஎஸ் ஊழியர்களின் செய்திகளுக்கு 'தகவல்', 'எச்சரிக்கை', 'அறிவுரை', 'உத்தரவு' போன்ற முன்சொற்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. 'ஒரு கப்பல் வெளியே வருகிறது' என்ற வாக்கியம் தகவலா, 'நீ நில்' என்ற உத்தரவா என்பதைக் கேட்பவர் ஊகிக்கக் கூடாது. ஊகத்துக்கு விட்ட இடத்தில், கரையில் இருப்பவர் 'நான் சொல்லிவிட்டேன்' என்பார், கப்பலில் இருப்பவர் 'என்னை நிற்கச் சொல்லவில்லை' என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

எண்ணெய் கசிந்த பிறகு

எண்ணூரில் கடலில் கலந்தது 'டான் காஞ்சிபுரம்' ஏற்றி வந்த சரக்கு அல்ல. கப்பலின் எரிபொருள் வகையைச் சேர்ந்த கனமான எண்ணெய். பெட்ரோலைப் போல ஆவியாகாமல், அலையில் நீரோடு கலந்து கூழாகி, பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. எர்ணாவூர்க் கரை பாறைகளைக் கொட்டி அரண் செய்த கரை; உறிஞ்சும் இயந்திரங்களின் குழாய்கள் அந்தக் கூழில் அடைத்துக்கொண்டன. வாளி கேலிக்கு உள்ளானது உண்மைதான். ஆனாலும் அவ்வகை எண்ணெயைப் பாறைக்கரையிலிருந்து அகற்ற உலகெங்கும் மனிதக் கைகளே பெரும்பங்கு வேலை செய்கின்றன. குறை வேறிடத்தில் இருந்தது: கூழாகிக் கரை சேரும் முன்பே, கடலில் மிதவைத் தடுப்பு வேலி போட்டு அதை வளைத்திருக்க வேண்டும். அதற்குக் கசிவை முதல் சில மணி நேரத்தில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் பொறுப்புகளை இப்படிப் பிரிக்கிறது. துறைமுக எல்லைக்குள் துறைமுகம். வெளியே கடலில் இந்தியக் கடலோரக் காவல்படை. கரையைத் தூய்மை செய்வது மாநில அரசு. ஒட்டுமொத்த ஒருங்கிணைப்பும் காவல்படையிடம் இருக்கிறது. 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை. அதைச் சமாளிக்கும் கருவிகளைத் துறைமுகங்களும் எண்ணெய் நிறுவனங்களும் தாங்களே வைத்திருக்க வேண்டும். காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு எல்லைக்கோடு தெரியாது. விபத்து நடந்தது ஒருவர் எல்லையில், எண்ணெய் மிதந்தது இன்னொருவர் எல்லையில், ஒதுங்கியது மூன்றாமவர் கரையில் என்றால், முதலாமவருக்கு அளவைக் குறைத்துச் சொல்லத் தூண்டுதலும், மூன்றாமவருக்கு முதலாமவரின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்கும் கட்டாயமும் ஒருசேர ஏற்படுகின்றன.

முதல் எண்ணிக்கை குறைவாக வருவது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். 2007 நவம்பர் 7 அன்று அடர்ந்த மூடுபனியில் 'காஸ்கோ பூசான்' என்ற கப்பல் சான்பிரான்சிஸ்கோவின் விரிகுடாப் பாலத் தூணில் உரசியபோது, கசிந்தது 140 காலன், அதாவது 530 லிட்டர் என்றே முதலில் சொல்லப்பட்டது. உண்மையில் கசிந்தது சுமார் 2 லட்சம் லிட்டர். எண்ணூரிலும் முதலில் சொன்ன அளவு பின்னர்ப் பல மடங்கு உயர்ந்தது. கப்பலின் தொட்டிகளை அளந்து, விபத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டுக் கழித்துப் பார்த்தால்தான் கணக்கு கிடைக்கும். கப்பல் சாய்ந்திருந்தால் அந்த அளவும் பிசகும். ஆகவே முதல் நாள் வரும் எண்ணிக்கையை வைத்து எத்தனை பேரை, எவ்வளவு கருவியை அனுப்புவது என்று முடிவு செய்வது தவறான வழக்கம். மோதலில் சேதமான தொட்டியின் முழுக் கொள்ளளவும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே சரி.

புயல் கூண்டு யாருக்கு?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 'எண்ணூர், சென்னை, கடலூர், நாகை, பாம்பன், தூத்துக்குடியில் எச்சரிக்கைக் கூண்டு' என்ற செய்தி வருகிறது. இந்தக் கூண்டு கப்பல்களுக்கானது. 1, 2 ஆகிய எண்கள் தொலைவில் புயல் சின்னம் உருவாகியிருப்பதைக் குறிக்கும். 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதைக் குறிக்கும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். இந்தக் கடைசி இரண்டு குழுக்களிலும் எண் மாறுவது, புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பொறுத்தது. ஆகவே 7 என்பது 6ஐவிடக் கடுமையானது என்று பொருளில்லை. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதைச் சொல்ல 11ஆம் எண் இருக்கிறது.

புயல் துறைமுகத்தை நெருங்குவதாகக் கூண்டு ஏறியதும் தளத்தில் கட்டியிருக்கும் கப்பல்களைத் துறைமுகம் கடலுக்கு அனுப்பிவிடும். புயலில் கப்பலைப் பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து ஏன் துரத்துகிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. கட்டிய கப்பல் அலையில் எழுந்து விழுந்து தளத்தோடு மோதும், கயிறுகள் அறும், ஒன்று அறுந்தால் பக்கத்துக் கப்பலையும் கெடுக்கும். கடலில் இயந்திரம் ஓடும் கப்பல் அலைக்கு முகம் கொடுத்து நிற்க முடியும். இந்த ஏற்பாடு முழுவதும் 'இயந்திரம் ஓடும்' என்ற ஒற்றை அனுமானத்தின் மேல் நிற்கிறது.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் அந்த அனுமானம் உடைந்தது. சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல், நங்கூரம் பிடிகொள்ளாமல் இழுபட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரை தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். தப்பியவர்களில் சிலரை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றினர். கப்பலில் எரிபொருளும் உணவும் போதிய அளவு இல்லாமல் ஊழியர்கள் தவித்ததாக அப்போதே செய்திகள் வந்தன. எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே எச்சரிக்கையை அனுப்பினால் போதாது, அதற்கு இணங்கும் வலு எந்தக் கப்பலுக்கு இல்லை என்ற பட்டியலும் துறைமுகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதே அந்த விபத்து எழுப்பும் கேள்வி. உரிமையாளர் கைவிட்ட கப்பலும், சம்பளம் கிடைக்காத ஊழியரும் கப்பல் துறையில் அரிதல்ல.

யாரும் விரும்பாத சரக்கு

ஆபத்தான பொருள்களைச் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கிறது. எதை எதன் அருகில் வைக்கக் கூடாது என்றும் வரையறுக்கிறது. விதிக்குப் பஞ்சமில்லை. தகராறு வருவது, சரக்கு யாருக்கும் சொந்தமில்லாமல் தேங்கும்போது. பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகுதான், சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அப்படியே இருப்பது பொதுவெளியில் பேசப்பட்டு, ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. சுங்கத் துறைக்கு அது வழக்குச் சொத்து; நிலையத்துக்கு இடத்தை அடைக்கும் பெட்டகங்கள்; சுற்றுவட்டார மக்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

இதன் மறுபக்கம், கப்பலே வேண்டாத சரக்காகிவிடுவது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பற்றிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்', அதற்கு முன்பே நைட்ரிக் அமிலம் கசியும் பெட்டகத்தை இறக்க கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் கேட்டுப் பார்த்தது. இரண்டிடத்திலும் இறக்க முடியவில்லை. கடைசியில் இலங்கையின் மேற்குக் கரை நெடுகக் கப்பலிலிருந்த பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. இடருற்ற கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றி 2003 முதல் சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. கட்டாயம் இல்லை. மறுக்கும் ஒவ்வொரு துறைமுகமும் தன்னளவில் சரியான காரணத்தையே சொல்கிறது. ஆபத்து மட்டும் அடுத்த துறைமுகத்தை நோக்கி நகர்கிறது.

மேசையைச் சுற்றி யார் அமர்வது?

இந்தியாவில் பெரும்பாலான பெருந்துறைமுகங்களை 2021ஆம் ஆண்டின் சட்டம் ஆள்கிறது. 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. அது மத்திய, மாநில ஒருங்கிணைப்புக்குக் கடல்சார் மாநில வளர்ச்சிக் குழுவுக்குச் சட்டத் தகுதி தருகிறது. அந்தக் குழு கொள்கைக்கானது. அதிகாலை நான்கு மணிக்கு நுழைவாய்க்காலில் யார் யாரிடம் பேச வேண்டும் என்பதை அந்த உயரத்தில் தீர்க்க முடியாது.

அதற்கு வேறொரு மாதிரி உண்டு. 1990இல் கலிபோர்னியா நிறைவேற்றிய எண்ணெய்க் கசிவுத் தடுப்புச் சட்டம், பெரிய துறைமுகப் பகுதிகளில் துறைமுகப் பாதுகாப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது. துறைமுகம், பைலட்டுகள், இழுவைப் படகு நடத்துவோர், எண்ணெய்க் கப்பல் நிறுவனங்கள், தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு, மீன்பிடிப் படகுகள் அல்லது உல்லாசப் படகுகளின் பிரதிநிதி எனப் பலருக்கும் அதில் இருக்கை உண்டு. 'காஸ்கோ பூசான்' விபத்துக்குப் பின், எந்தெந்தக் குறுகலான இடங்களில், பார்வைத் தெளிவு எவ்வளவுக்குக் கீழே போனால் பெரிய கப்பல்கள் புறப்படக் கூடாது என்ற வழிகாட்டுதலை வகுத்தது இத்தகைய மேசையில்தான். பைலட் ஒருவர் தனியாக நின்று, கப்பல் நிறுவனத்தின் அவசரத்துக்கு எதிராக, 'இந்தப் பனியில் போக மாட்டேன்' என்று சொல்வது கடினம். எல்லாரும் முன்பே ஒப்புக்கொண்ட எண் ஒன்று இருந்தால் அவர் வாதாட வேண்டியதில்லை.

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும் கடலுக்கும் இப்படியொரு மேசை வேண்டும். அதில் மீனவர்களுக்கு இடம் தருவது சலுகையாகப் பார்க்கப்படக் கூடாது. மோதல் தவிர்ப்பு விதிகள், குறுகிய வாய்க்காலில் செல்லும் கப்பலுக்கு மீன்பிடிப் படகு இடையூறாக இருக்கக் கூடாது என்கின்றன. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து புறப்படும் கண்ணாடியிழைப் படகில் அடையாளக் கருவி பெரும்பாலும் இல்லை. ரேடாரிலும் அது அலையின் எதிரொலியோடு கலந்து மறைந்துவிடும். வாய்க்கால் எந்த மிதவையில் தொடங்குகிறது, இன்று இரவு எத்தனை மணிக்கு எரிவாயுக் கப்பல் வெளியேறுகிறது என்ற செய்தி, பைலட்டுக்குப் போகும் அதே நேரத்தில் எண்ணூரின் மீனவக் கிராமங்களான நெட்டுக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் தமிழில் போவதற்கு ஒரு கைபேசிக் குறுஞ்செய்திக்கு மேல் செலவில்லை.